அண்ணாவின் மூக்கும் எங்கள் முகங்களும்

ஒழுங்கைக்குள் திரும்பும்போதே கருகிய மணம் அடித்தது. பருப்பு அடிப்பிடித்து, பிறகு சட்டியும் சேர்ந்து எரிகிற மணம். யாரோ அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனார்கள் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை உருட்டினேன். எங்கள் வீட்டுப் படலையைத் திறந்தபோதுதான் குசினி யன்னலால் கறுப்புப் புகை வெளியே வருவதைக் கண்டேன்.

சைக்கிளை அப்படியே விழ விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். மண்ணெண்ணெய்க் குக்கரில் இருந்த சட்டிக்குள் பருப்பென்று சொல்ல எதுவும் இல்லை. பக்கத்தில் தொங்கிய கைபிடித்துணியின் நுனியில் நெருப்புப் பிடித்திருந்தது. அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில், கதிரையில் உட்கார்ந்து, அண்ணா பழைய பேப்பர் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். புகையால் அவருடைய கண்ணில் தண்ணீர் வடிந்தது. இருமினார். புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார்.

துணியை இழுத்து நிலத்தில் போட்டு மிதித்தேன். குக்கரை அணைத்துவிட்டு, சட்டியைச் சாக்கால் பிடித்துக்கொண்டுபோய் முற்றத்தில் வைத்தேன். திரும்பி வந்தபோது எனக்கு அழுகையும் வந்துவிட்டது.

"அண்ணா, உங்களுக்கு மணக்கேல்லையே? வீடே எரியப் பாத்தது! அம்மா பாக்கச் சொல்லிப்போட்டுத்தானே கடைக்குப் போனவ?"

அண்ணா பேப்பரைத் தாழ்த்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார்:

"நீ ஏன் என்னைப் பாத்துச் சிரிக்கிறாய்?"

என் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கு வடிந்தது. வாய் கோணி அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்துத்தான் அவர் அப்படிக் கேட்டார். பகிடி இல்லை. அவருடைய குரலில் உண்மையான மனவருத்தம் இருந்தது. நான் அவரை நக்கலடிக்கிறேன் என்று நம்பியிருந்தார். எரிந்த சட்டி எனக்கு அந்த இடத்திலேயே மறந்துபோனது. குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு, இவர் யார், என் அண்ணா எங்கே என்று யோசித்தபடி நின்றேன்.

ஏனென்றால் எங்கள் அண்ணாவின் மூக்கு ஊருக்கே தெரிந்த மூக்கு. துறைமுகத்தில் கப்பலால் இறங்கும் மூட்டைகளைக் கணக்கெடுக்கும் கிளார்க்காக வேலை பார்த்தார். வேலை முடிந்து பாலையூற்றுக்குச் சைக்கிளில் வரும்போது, எந்த வீட்டில் நெத்தலி பொரிக்கிறார்கள், எந்த வீட்டில் இன்னும் அடுப்பே மூட்டவில்லை என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு வருவார். அம்மா மீன் வாங்கினால் அவரிடம் நீட்டுவார். "இது நேற்றையது அம்மா, குழம்புக்குச் சரி, பொரியலுக்கு ஏலாது" என்பார். அம்மா மீன்காரனோடு சண்டைக்குப் போவார்.

மூக்கைப் போலத்தான் அவருடைய கண்ணும். யாருக்காவது மனம் சரியில்லை என்றால் அவருக்கு உடனே விளங்கிவிடும். ஓர்ஸ் ஹில்லில் உள்ள அலுவலகத்தில் நான் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேலதிகாரி ஒருவர் எல்லார் முன்னாலும் என்னை ஏசிவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை. சிரித்துக்கொண்டுதான் சாப்பிட உட்கார்ந்தேன். அண்ணா பாத்திரத்தில் சோறு போட்டுக்கொண்டே, "ஆர் ஏசினது?" என்று கேட்டார். அவ்வளவுதான். நான் விம்மி விம்மி அழுதேன். அப்பா இறந்தபின் அம்மா தன் துக்கத்தை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அண்ணாதான் அம்மாவின் தோள் எப்படி இருக்கிறது என்று பார்த்தே, "இண்டைக்கு அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போ" என்று எனக்குச் சொல்லுவார்.

அப்படிப்பட்டவர் மாறத் தொடங்கியது எப்போது என்று சரியாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சண்டை திரும்பவும் தொடங்கிய காலம் அது. கப்பல்கள் குறைந்துவிட்டன. வேலைக்குப் போனால் பாதி நாள் சும்மா இருந்துவிட்டு வருவார்கள். டவுனில் ஒருநாள் கடைகள் எரிந்தன. தெருவில் வாகன ரயர்களைப் போட்டுக் கொளுத்தினார்கள். அந்தப் புகைக்குள்ளால்தான் அண்ணா வீடு வந்து சேர்ந்தார். வந்ததும் சேர்ட்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்து, "தோயுங்கோ, ரயர் மணக்குது" என்றார். அம்மா தோய்த்தார். அடுத்த நாளும் சொன்னார். அதற்கடுத்த கிழமையும் சொன்னார். அலுமாரியில் இருந்த உடுப்பெல்லாவற்றையும் எடுத்துக் கிணற்றடியில் போட்டார். நானும் அம்மாவும் மாறி மாறி மணந்து பார்த்தோம். சவுக்கார மணத்தைத் தவிர ஒன்றுமில்லை.

"பயந்துபோனான் பிள்ளை. கொஞ்ச நாளில சரிவரும்" என்று அம்மா சொன்னார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நாட்களில் பயப்படாத ஆள் எங்கே இருந்தார்கள்? பக்கத்து வீட்டில் ஒரு பெண் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துவிடுவாள். இன்னொரு வீட்டில் தகப்பன் ஒரு மாதமாக யாரோடும் கதைக்கவில்லை. அண்ணா சாப்பாட்டைத் தள்ளிவைத்து, "சோறு மண் மாதிரிக் கிடக்கு" என்று சொன்னபோதும், வேலைக்குப் போகாமல் அறைக்குள் இருந்தபோதும், எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே காரணம்தான் இருந்தது. சண்டை. கட்டைபறிச்சானில் பிறந்து வளர்ந்த அம்மா, அங்குள்ள சொந்தக்காரர்களுக்குச் சொல்லியனுப்பி மந்திரித்த நூல் ஒன்று எடுப்பித்தார். அண்ணா பேசாமல் கையை நீட்டிக் கட்டிக்கொண்டார்.

அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். மூதூர்க்காரர், முஸ்லிம். துறைமுகத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர். இருவரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணா வேலைக்கு வராததைப் பார்த்து, ஒருநாள் குடாவைக் கடந்து வரும் லோஞ்சில் வந்து இறங்கிய கையோடு, ஒரு சட்டித் தயிருடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மூதூர் எருமைத் தயிர் என்றால் அண்ணாவுக்கு உயிர்.

அண்ணா சட்டியை வாங்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். முகம் வெளிறியது.

"இதுக்குள்ள என்ன போட்டிருக்கிறாய்?"

"என்ன மச்சான் கேக்கிறாய்? எங்கட உம்மா உறை ஊத்தின தயிர்."

"எரிஞ்ச மணம் வருகுது. மருந்து போட்டிருக்கிறாய்."

கூட்டாளி சிரிக்கப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. விரலால் ஒரு துண்டு தயிரை எடுத்துத் தன் வாயில் போட்டார். "பாரு. நான் சாப்பிடுறன். எனக்கு ஒண்டும் வரயில்லயே?" என்றார். கண் கலங்கிவிட்டது.

அண்ணா என் பக்கம் திரும்பி, இரகசியம் சொல்வது போலச் சொன்னார்: "அவன்ர மூஞ்சையைப் பார். எவ்வளவு கோபம் எண்டு பார். இப்ப எனக்கு அடிப்பான்."

அடுத்த கணம் சட்டி முற்றத்தில் போய் விழுந்து உடைந்தது. கூட்டாளி எழும்பினார். செருப்பைப் போட்டுக்கொண்டு படலை வரைக்கும் போனவர் திரும்பி, "அம்மா, இவனை ஒரு டொக்டரிட்டக் காட்டுங்க. இது பயம் மட்டும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவுக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. உடைந்த ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டே, "என்ர பிள்ளைக்கு என்ன நோய், என்ன வருத்தம்?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

சட்டி எரிந்த அன்று, கடையால் வந்த அம்மாவிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். இல்லாத எரிவை நாள் முழுக்க மணக்கிறவருக்கு, மூக்குக்கு முன்னால் எரிந்தது மணக்கவில்லை. அழுத முகம் அவருக்குச் சிரித்த முகமாகத் தெரிந்தது. அம்மா கறுத்த சட்டியைப் பார்த்தபடி முற்றத்தில் குந்தியிருந்தார். எழும்பும்போது, "நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவம்" என்றார்.

மறுநாள் காலை மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். டவுனுக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடி. பஸ்ஸை நிற்பாட்டினால் எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையாக நடந்து கடக்க வேண்டும். அது எங்களுக்குப் பல் விளக்குவது போலப் பழகிப்போயிருந்தது. நிலத்தைப் பார்த்து நடக்க வேண்டும், கேட்டால் நிமிர வேண்டும், கையை அசைக்கக் கூடாது. யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. முகத்தைப் பார்த்து நாங்களே கற்றுக்கொண்டவை. ஆமிக்காரனின் தாடை இறுகியிருந்தால் ஒரு விதமாக நடப்போம், கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தால் இன்னொரு விதமாக.

அன்று தாடைகள் இறுகியிருந்தன. முதல் நாள் எங்கேயோ ஏதோ நடந்திருந்தது. என்னையும் அம்மாவையும் பெண்கள் வரிசையில் விட்டார்கள். அண்ணா ஆண்கள் வரிசையில் நின்றார். வரிசை நகர்ந்தபோது அவர் முன்னால் நின்றவரையும் தாண்டி நடந்தார்.

"ஹிட்டப்பன்!" என்று ஒரு ஆமிக்காரன் கத்தினான். நில் என்று அர்த்தம். சின்ன வயது. தொண்டை நரம்பு புடைத்திருந்தது.

அண்ணா அவனைப் பார்த்தார். பார்த்து, சிரித்தார். தெரிந்த ஒருவரைக் கல்யாண வீட்டில் கண்டது போலச் சிரித்து, கையை நீட்டிக்கொண்டு அவனை நோக்கி நடந்தார்.

துப்பாக்கி உயர்ந்தது. சனம் முழுக்க நிலத்தில் குந்தியது. நான் குந்தவில்லை. அண்ணாவைப் பார்த்தபடியே நின்றேன். அம்மாதான் ஓடினார். சேலை தடக்கி விழுந்து, எழும்பி, அண்ணாவுக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். அம்மாவுக்கு ஒரு சொல் சிங்களம் தெரியாது. எனக்கு அலுவலகத்தில் பழகிய சிங்களம் கொஞ்சம் தெரியும். அது அப்போதுதான் தொண்டைக்குள்ளால் வந்தது.

"மாத்தயா! அசனீபய்! அசனீபய்!"

சுகமில்லை, ஐயா, சுகமில்லை. அதைத் தவிர வேறு சொல் வரவில்லை. திரும்பத் திரும்ப அதையே கத்தினேன்.

ஆமிக்காரன் அண்ணாவின் முகத்தைப் பார்த்தான். அண்ணா இன்னும் சிரித்துக்கொண்டு, கையை நீட்டியபடியே நின்றார். அம்மாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டான்:

"பிஸ்ஸுத?"

பைத்தியமா?

வீட்டில் அந்தச் சொல்லை நாங்கள் எந்த மொழியிலும் சொன்னதில்லை. நானும் அம்மாவும் மாதக்கணக்காக அதைச் சுற்றிச் சுற்றி நடந்திருந்தோம். கூட்டாளிகூட அதைச் சொல்லாமல்தான் போனார். முதன்முதலாக அதைச் சொன்னது கையில் துப்பாக்கி வைத்திருந்த, எங்கள் பெயர்கூடத் தெரியாத ஒருவன். ஓம் என்றால் அண்ணா உயிரோடு இருப்பார். இல்லை என்றால் என்ன நடக்கும் என்று தெரியாது.

"ஔ, மாத்தயா" என்றேன். ஓம், ஐயா.

துப்பாக்கி கீழே இறங்கியது. அவன் கையால் போ என்று காட்டினான். அம்மா அண்ணாவின் சேர்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகு, அண்ணா என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார்: "நல்ல பெடியன். என்னைக் கண்டு எவ்வளவு சிரிச்சவன், பாத்தனியே?"

நான் யன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் மனநோய்க்கெனக் கிழமையில் ஒருநாள் வரும் டொக்டரிடம் அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், நரைத்த மீசை, மெதுவாகக் கதைப்பவர். அம்மா பேய், கண்ணூறு என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். அவர் இடைமறிக்காமல் கேட்டார். நான் எரிந்த சட்டியைப் பற்றிச் சொன்னபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரோர்ச் அடித்து அண்ணாவின் மூக்குக்குள் பார்த்தார். தடிமன், மூக்கடைப்பு இருக்கிறதா, தலையில் எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டார். இல்லை. பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, கோப்பித்தூள், கராம்பு, சவுக்காரம் எல்லாம் எடுத்துவரச் சொன்னார்.

"தம்பி, கண்ணை மூடுங்கோ. இது என்ன மணம்?"

கோப்பித்தூளை மூக்கடியில் பிடித்தார். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே அது அடித்தது.

"ஏதோ ஒண்டு. தெரியேல்லை."

"இது?"

கராம்பு. அண்ணா யோசித்தார். "ரயர்" என்றார்.

சவுக்காரத்துக்கும் ரயர் என்றார். பிறகு டொக்டர் கையில் ஒன்றுமே இல்லாமல் வெறும் விரலை நீட்டினார். அதற்கும் ரயர் என்றார். மீன் எந்த நாள் மீன் என்று மணந்த உடனேயே சொன்னவர், கண்ணை மூடிக்கொண்டு, சோதனை எழுதும் பிள்ளையைப் போலப் பதில் சரியா என்று காத்திருந்தார். அம்மா சேலைத்தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டார்.

"சரி. கண்ணைத் திறவுங்கோ. என்ர முகத்தைப் பாருங்கோ." டொக்டர் புருவத்தை நெரித்து, பல்லைக் கடித்து, கோபப்பட்ட மாதிரி வைத்துக்கொண்டார். "நான் இப்ப என்ன மாதிரி இருக்கிறன்?"

"சிரிக்கிறீங்கள்."

டொக்டர் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார். "இப்ப?"

"என்னைப் பற்றி ஏதோ நினைக்கிறீங்கள்."

"சரி தம்பி. இப்ப அம்மாவைப் பாருங்கோ. அம்மா எப்பிடி இருக்கிறா?"

அம்மா அழுதுகொண்டிருந்தார். மறைக்கவே முடியாத அழுகை. அண்ணா திரும்பினார். அம்மாவின் நெற்றியைப் பார்த்தார், பிறகு கண்ணைப் பார்த்தார், பிறகு வாயைப் பார்த்தார். தெரியாத மொழியில் எழுதிய பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசிப்பது போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் சின்னக் குரலில் சொன்னார்:

"அம்மாவுக்கு என்னில வெறுப்பு. கன நாளா அப்பிடித்தான்."

அம்மா "ஐயோ என்ர ராசா" என்று கத்திக்கொண்டு கதிரையால் எழும்பினார். இவ்வளவு நாளும் அண்ணா எங்களைவிட்டு ஒதுங்குகிறார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவரோ, தன்னை வெறுக்கிற ஒரு தாயோடும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு தங்கச்சியோடும் ஒரே வீட்டுக்குள் தனியாக இருந்திருக்கிறார். நாங்கள் கவலைப்படக் கவலைப்பட, அவருக்கு எங்கள் முகங்கள் இன்னும் பயங்கரமாகத் தெரிந்திருக்கின்றன.

அண்ணாவை நர்ஸுடன் வெளியே அனுப்பிவிட்டு டொக்டர் சொன்னார்: "மூக்கில பிழை இல்லை. மணம் உள்ளுக்குப் போகுது. அது என்ன மணம் எண்டு மூளைக்கு விளங்குதில்லை. முகமும் அப்பிடித்தான். கண் நல்லாத் தெரியுது. ஆனா பாக்கிறது கோபமோ கவலையோ எண்டு பிடிபடுதில்லை. இந்த வருத்தம் தொடங்கிற நேரத்தில சிலபேருக்கு ரெண்டும் சேர்ந்து குழம்பும். ஏன் எண்டு எங்களுக்கும் முழுக்கத் தெரியாது."

"சண்டையாலயோ டொக்டர்?" என்று கேட்டேன்.

"சண்டை இதைக் கிளப்பியிருக்கலாம். சண்டை இல்லாத ஊரிலயும் இது வாறதுதான்." அம்மாவின் பக்கம் திரும்பினார். "அம்மா, மருந்து தாறன். விடாமல் குடுக்கோணும். அடுப்படியில தனிய விடாதேங்கோ. இன்னுமொண்டு. உங்கட முகத்தை அவருக்கு வாசிக்கேலாது. அதனால வாயால சொல்லுங்கோ. கவலை எண்டால் கவலை எண்டு சொல்லுங்கோ. கோபம் இல்லை எண்டால் இல்லை எண்டு சொல்லுங்கோ."

திரும்பி வரும்போது அதே சாவடியை மறுபடி கடக்க வேண்டியிருந்தது. நானும் அம்மாவும் இரண்டு பக்கமும் அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டோம். ஆண்கள் வரிசைக்குப் போ என்று யாரும் சொல்லவில்லை.

மருந்து தொடங்கிய முதல் கிழமைகளில் அவர் படுத்துக்கொண்டே இருந்தார். பிறகு கை நடுங்கியது. சண்டையால் பாதை பூட்டினால் மருந்து வராது. அப்போது எனக்கு அலுவலகத்தில் ஒரு வரி தட்டச்சடிக்க ஏலாது. மெல்ல மெல்ல ரயர் மணம் விட்டு விட்டு வரத் தொடங்கியது. "இண்டைக்கு அது இல்லை" என்று ஒரு காலையில் கிணற்றடியில் நின்று சொன்னார். ஆனால் உண்மையான மணங்கள் திரும்பவில்லை, அல்லது கொஞ்சம்தான் திரும்பின. கோப்பியைச் சில நாட்களில் சொல்லுவார், சில நாட்களில் மாட்டார். முகங்களும் அப்படியே.

வாயால் சொல்வதுதான் எங்களுக்குப் பெரும் பாடாக இருந்தது. நாங்கள் அப்படிக் கதைத்துப் பழகிய ஆட்கள் இல்லை. அம்மா முதல் தடவை சொன்னபோது குசினி வாசலில் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"தம்பி, எனக்கு உன்னில கோபம் இல்லை. கவலை."

அண்ணா சாப்பாட்டில் இருந்து தலையை நிமிர்த்தினார். "என்னத்துக்குக் கவலை?"

"நீ இப்பிடி மெலிஞ்சு போனாய் எண்டு."

"ஓ" என்றார் அண்ணா. பிறகு இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு அது எங்கள் வீட்டுப் பழக்கமாகிவிட்டது. "எனக்கு இப்ப சிரிப்பு வருகுது." "நான் களைச்சுப்போனன், கோபம் இல்லை." வீட்டுக்கு வருகிறவர்கள் எங்களை விசித்திரமாகப் பார்த்தார்கள். அண்ணாவும் கேட்கப் பழகினார். "கோபமோ?" என்று நேராகக் கேட்பார். இல்லை என்றால் நம்புவார். நம்பத் தொடங்கியதுதான் எங்களுக்குக் கிடைத்த பெரிய ஆறுதல்.

அவர் ஓரளவு தேறியிருந்த நேரத்தில் ஒரு நாள் காலை காணாமல் போனார்.

அம்மா குளித்துவிட்டு வந்து பார்த்தபோது அறை வெறுமையாக இருந்தது. சைக்கிள் நின்றது, செருப்பு இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து அலுவலகத்தில் என்னிடம் சொன்னாள். அந்த நாட்களில் இளம் ஆண் ஒருவரைக் காணவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆமி முகாம் வாசலில், பிள்ளையைத் தேடி வெயிலில் நிற்கும் தாய்மாரைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போய்வந்தேன். அன்று நான் போய்ப் பார்த்தபோது அவர்களோடு என் அம்மாவும் நின்றார். ஈரத் தலையோடு, கையில் அண்ணாவின் மருந்துப் பையை வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் காட்சி இப்போதும் எனக்குக் கனவில் வரும்.

காவலில் நின்றவர்கள் எதுவும் சொல்லவில்லை. மத்தியானம் கழிந்த பிறகுதான், இறங்குதுறையில் கடலை விற்பவர் ஒருவர், உங்கள் அண்ணாவை மூதூர் லோஞ்சடியில் கண்டேன் என்றார். நேவிக்காரர் மறித்து விசாரித்துக்கொண்டிருந்தார்களாம். பிறகு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மாவும் நானும் இறங்குதுறைக்கு ஓடினோம். அங்கே நின்ற நேவிக்காரனிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு கொட்டியாரக் குடாவைப் பார்த்தபடி நின்றோம். அம்மாவின் வாயில் நேர்த்திக்கடன் வைக்காத கோயில் இல்லை.

பின்னேர லோஞ்ச் வந்தது. கோழிக்கூடையோடு இறங்கிய பெண்களுக்குப் பின்னால், மூதூர்க் கூட்டாளியின் தோளைப் பிடித்துக்கொண்டு அண்ணா இறங்கினார். சேர்ட் கசங்கவில்லை. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"பயப்படாதீங்க அம்மா," என்றார் கூட்டாளி தூரத்திலேயே. "எங்கட வீட்டுக்குத்தான் வந்தவன். வாசல்ல நிண்டு, 'மச்சான், ஒனக்கு என்னில கோபமா' எண்டு கேட்டான். நான் என்னத்தச் சொல்ற? இருந்திச்சு, இப்ப இல்ல எண்டன். அதக் கேட்டுட்டு, சரி நான் போறன் எண்டு திரும்பிட்டான். நான்தான் தனிய விடாம கூட்டிட்டு வந்தன்."

நான் அண்ணாவின் கையைப் பிடித்தேன். "அண்ணா, நேவி மறிச்சதாமே? அடிச்சவங்களோ?"

"இல்லை. அட்டையைக் கேட்டான். குடுத்தனான். பிறகு கத்தினான். கோபமோ இல்லையோ எண்டு எனக்கு விளங்கேல்லை. அதான் கேட்டனான்."

"என்னெண்டு?"

"'மாத்தயா, தரஹத?' எண்டு."

ஐயா, கோபமா? துப்பாக்கி பிடித்தவனைப் பார்த்து, எந்தப் பயமும் இல்லாமல், எங்கள் வீட்டுக் குசினிக்குள் கேட்பது போலக் கேட்டிருக்கிறார். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவன் என்ன செய்தவன்?"

"என்னை நல்லாப் பாத்தவன். பிறகு 'நே' எண்டவன். இல்லை எண்டு." அண்ணா யோசித்துச் சொன்னார். "'பயய்' எண்டும் சொன்னவன். அது எங்கட பயம்தானே? தனக்குப் பயமாம். பிறகு லோஞ்சில ஏறு எண்டு கையைக் காட்டினவன்."

நானும் கூட்டாளியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அது உண்மையிலேயே நடந்ததா, அண்ணாவின் தலைக்குள் நடந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று கேட்டவர் யாரும் இல்லை. அந்த வருத்தம் அப்படிப்பட்டது. அவர் சொல்வதில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று எங்களுக்கு ஒருநாளும் நிச்சயம் வந்ததில்லை. ஆனால் அவர் மூதூருக்குப் போனார், உயிரோடு திரும்பி வந்தார். அது நடந்தது.

அம்மா அதுவரை அண்ணாவின் முகத்தையும் கையையும் தடவிக்கொண்டே இருந்தார். அண்ணா குனிந்து அம்மாவைப் பார்த்தார்.

"கோபமோ அம்மா?"

அம்மா தலையை ஓம் என்றும் இல்லை என்றும் இரண்டு விதமாகவும் ஆட்டினார். அண்ணா குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, சனத்துக்கு நடுவில், தானே சத்தமாகச் சொன்னார்:

"கோபம்தான். நீ சொல்லாமல் போனதுக்குக் கோபம். செத்துப்போனியோ எண்டு பயம். இப்ப உன்னைக் கண்டது சந்தோஷம். மூண்டும் ஒண்டா வருகுது எனக்கு."

அண்ணா அதைக் கவனமாகக் கேட்டார். "மூண்டும் ஒண்டா வருமோ?" என்று கூட்டாளியிடம் கேட்டார்.

"வரும் மச்சான்" என்றார் கூட்டாளி.

ஊரடங்கு தொடங்க முன் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதால் நாங்கள் பஸ் நிலையத்தை நோக்கி வேகமாக நடக்கத் தொடங்கினோம். அன்றிரவு மூதூருக்கு இனி லோஞ்ச் இல்லாதபடியால் கூட்டாளியும் எங்களோடு வந்தார்.